தொண்டு அமைப்புகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், சென்னையில் கடைசி ஆண்டு கம்ப்யூட்டர் மாணவர்கள் பிராஜெக்ட் தேடி அலைய ஆரம்பிப்பார்கள். சிலர் கம்பெனிகளுக்குப் போவார்கள். சிலர் ‘நாம் செய்வது நாலு பேருக்கு உதவட்டும்’ என்று முதியோர் இல்லம், மாலை நேர டியூஷன் மையம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு என்று தேடிப் போவார்கள். இந்த இரண்டாவது வகை மாணவர்களோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். எண்ணம் நல்ல எண்ணம், உழைப்பிலும் குறையில்லை. ஆனால் ஏப்ரலில் வைவா முடிந்து, ஜூனில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் அந்த சாஃப்ட்வேரை யாரும் திறப்பதே இல்லை. பழைய நோட்டுக்கே திரும்பியிருக்கிறார்கள். புரோகிராம் மோசமாக இருந்ததால் நின்றுபோனது என்று நான் பார்த்தது மிகவும் குறைவு.

நோட்டைப் படிக்காமல் ஆரம்பிப்பது

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன அமைப்பு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, மாத்திரை கொடுக்கிறார்கள். கணக்கு எழுதும் அக்கா ஒருவர்தான் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் வைத்திருக்கிறார். மாணவர்கள் போய், “அக்கா, உங்களுக்கு என்னென்ன வசதி வேணும்?” என்று கேட்டார்கள். “எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்தா நல்லா இருக்கும் தம்பி” என்றார் அவர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வேலை செய்தார்கள். பெயர், முகவரி, மாதம், ‘கொடுத்தாச்சு’ என்று ஒரு டிக். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்கா மூன்று வாரம் பயன்படுத்தினார். அப்புறம் விட்டுவிட்டார்.

அந்த நோட்டை நாங்கள் பக்கம் பக்கமாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நீலப் பேனாவில் இருந்தால் அந்தப் பாட்டியே வந்து வாங்கிப் போனார் என்று அர்த்தம். பென்சிலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ வாங்கிப் போனார், பாட்டி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் விசாரிக்கவில்லை. விசாரித்த பிறகு பென்சிலை அழித்துப் பேனாவில் எழுதுவார். பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் சர்க்கரை நோய். அவர் பையில் அரிசியைக் குறைத்துக் கோதுமை போட வேண்டும். பக்கத்தின் மூலை மடிந்திருந்தால் அந்தப் பக்கத்தில் யாரோ இரண்டு மாதமாக வரவில்லை, வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மடித்த மூலைதான் அந்த அமைப்பு செய்வதிலேயே முக்கியமான வேலை. அது சாஃப்ட்வேரில் எங்கேயும் இல்லை. பென்சிலுக்கும் இடமில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சந்தேகமான தகவலும் உறுதியான தகவலும் ஒரே மாதிரி, பேனாவில் எழுதியதுபோல நிற்கும். ‘இன்னும் விசாரிக்கவில்லை’ என்று ஒரு நிலை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் யாரும் நோட்டைப் பார்க்கவில்லை.

அதனால் என்ன வேண்டும் என்று கேட்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். பொருள் கொடுக்கும் நாளிலோ, குழுக் கூட்டம் நடக்கும் நாளிலோ முழு நாளும் போய் ஓரமாக உட்காருங்கள். நோட்டில் மூன்று பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளிக்கும், “இது என்னக்கா?” என்று கேளுங்கள். சுய உதவிக் குழு என்றால் ஊக்குநரிடமும் பிரதிநிதியிடமும் மட்டும் பேசிவிட்டு வராமல், கடன் தவணை கட்ட வரும் உறுப்பினர்களிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். லேப்டாப்பை அதற்கு அடுத்த வாரம் திறந்தால் போதும்.

நம் ஊருக்குப் பொருந்தாத படிவம்

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தை அப்படியே எடுத்துப் போடுவது அடுத்தது. ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டும் கட்டாயம். நம் மக்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கடைசிப் பெயர்க் கட்டத்தில் சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயர், சிலர் வீட்டுக்காரர் பெயர், வேறு வழியில்லாதவர்கள் ஒரு புள்ளி. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும். ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. ஒரே தெருவில் நாலு லட்சுமி இருப்பார்கள். ஒருவர் ‘லக்ஷ்மி’ என்று எழுதுவார். பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்குத் தனியாக ஒன்று, அக்கம்பக்கத்தில் கூப்பிடும் பெயருக்கு இன்னொன்று வையுங்கள். ‘இட்லிக் கடை லட்சுமி’ என்பதுதான் அங்கே தேடலுக்கு உதவும் பெயர். ஆளை அடையாளம் காண போன் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஒரு வீட்டில் ஒரே போன் இருக்கும், ரீசார்ஜ் சலுகையைப் பார்த்து எண்ணும் மாறும். அமைப்பே ஒரு அட்டை கொடுத்து அதில் ஒரு எண் போடுவது நல்லது.

பிறந்த தேதியைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும் என்று ஒரு பதிவேட்டில் பார்த்தேன். வரிசையாக 01.01.1950, 01.01.1948, 01.01.1955. தேதி தெரியாத முதியவர்களிடம் கேட்டால் பதிவு செய்கிறவர் வேறு என்ன செய்வார்? ‘ஏறக்குறைய வயது’, ‘கேட்ட ஆண்டு’ என்று இரண்டு கட்டம் வைத்தால் பொய் எழுத வேண்டிய அவசியமே வராது.

முகவரியும் அப்படித்தான். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டும் இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் பிளாக்கும் மாடியும் தெரிந்தால்தான் ஆளைப் பார்க்கலாம். வார்டு எண்ணை வைத்துப் பிரிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2011-இல் மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆகின. பழைய நோட்டில் இருக்கும் வார்டு எண்ணும் இன்றைய வார்டு எண்ணும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். தமிழ் தெரிந்த மாணவர்கள், தமிழ் மட்டும் தெரிந்த அக்காவுக்கு, முழுக்க ஆங்கிலத்தில் ஒரு திரையைச் செய்து கொடுக்கிறார்கள். கேட்டால், ‘அடுத்த வெர்ஷனில் தமிழ்’ என்பார்கள். அடுத்த வெர்ஷன் வருவதில்லை.

தமிழ் என்றால் பொத்தான்களில் இருக்கும் சொற்களை மொழிபெயர்ப்பது மட்டும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே போகும் தகவலிலும் வேலை இருக்கிறது. பல அமைப்புகளின் பழைய பட்டியல்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறிவிடாது. மாற்றி எடுக்க ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ‘பொன்னம்மாள்’ என்று தேடினால் வராது, பட்டியலில் கண்ணெதிரே இருப்பார். ‘பொ’வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும் முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி முறை பெரும்பாலான புரோகிராமிங் மொழிகளில் ஒரு வரி வேலை. ஆனால் ‘சௌந்தரி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டுத் தட்டியிருந்தால் அந்த ஒரு வரி காப்பாற்றாது. அதை நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும்.

அகர வரிசையையும் பாருங்கள். யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வந்துவிடும். அதனால் மரகதத்துக்கு முன்னால் மனோன்மணி நிற்பார். பள்ளியில் படித்த வரிசையில் தேடுகிற அக்காவுக்குப் பெயர் கிடைக்காது. டேட்டாபேஸில் தமிழுக்கான கொலேஷனை, அதாவது அடுக்கும் வரிசையை, தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எக்செல்லில் திறப்பதற்காக சிஎஸ்வி கோப்பு கொடுக்கிறீர்கள் என்றால், கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 என்பதைக் காட்டும் பிஓஎம் குறி இருக்கட்டும். இல்லையென்றால் தமிழ் சிதறிப் போகும் வாய்ப்பு அதிகம்.

தேவையில்லாததைச் சேகரிப்பது

கட்டம் போடுவது சுலபம் என்பதால் ஆதார் எண், சாதி, வருமானம், நோய் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும், ‘இதை வைத்து அமைப்பு என்ன செய்யப்போகிறது?’ என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். ஆதார் உண்மையிலேயே வேண்டும் என்றாலும் பெரும்பாலும் கடைசி நாலு இலக்கம் போதும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கோ எச்ஐவி உள்ளவர்களுக்கோ உதவும் அமைப்பு என்றால், பட்டியலில் பெயர் இருப்பதே ஆபத்து. அந்த மாதிரி இடத்தில் அனுபவமுள்ள ஒருவர் துணைக்கு இல்லாமல் மாணவர்கள் டேட்டாபேஸ் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. டியூஷன் மையத்துக்குச் செய்கிறவர்கள் அதை ஒருமுறையாவது படியுங்கள். சோதனைக்கு உண்மையான பெயர்ப் பட்டியலைப் பயன்படுத்தி, அதையும் சேர்த்து, புரோகிராம்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கும்படி ஏற்றிய ஒரு குழுவைப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவசரம்தான். சோதனைக்குக் கற்பனைப் பெயர்கள் போதும். கூகுளின் இணைய டேட்டாபேஸான ஃபயர்பேஸைப் பயன்படுத்துகிறவர்கள் அதை டெஸ்ட் மோடில் விட்டுவிட்டு டெமோவுக்கு ஓடாதீர்கள். டெஸ்ட் மோடு நீடிக்கும் 30 நாளும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அழிக்கலாம். அதற்கப்புறம் திடீரென்று ஒன்றுமே வேலை செய்யாது.

நன்கொடை ரசீது பற்றி ஒரு வார்த்தை. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை (80ஜி என்று சொல்வது) உள்ள அமைப்பு என்றால் ஆடிட்டரைக் கேட்காமல் ரசீதுப் புத்தகத்தில் கை வைக்காதீர்கள். நன்கொடையாளரின் பான் எண், பணமா காசோலையா, வரிசை எண் என்று அவருக்குத் தேவையானவை இருக்கும். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச் சலுகை கிடைக்காது என்பது போன்ற விஷயங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதும் வீண். ஊர் நூலகத்துக்கு கோஹா என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக உருவாகி, 2000 ஜனவரியிலிருந்து ஓடுகிறது, இலவசம். வீடு வீடாகக் கணக்கெடுக்க நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் கோபோ டூல்பாக்ஸ் இருக்கிறது. சில இடங்களுக்கு ஒழுங்காக அமைத்த ஒரு கூகுள் ஷீட்டே போதும். அதற்கு கைடு மார்க் போடுவாரா என்று கேட்பீர்கள். நியாயமான கவலைதான். கள ஆய்வு, பழைய தகவலைச் சுத்தம் செய்தது, பயிற்சி கொடுத்தது எல்லாமே வேலைதான் என்று முதல் ரிவியூவிலேயே பேசிவிடுங்கள். கடைசி ரிவியூவில் பேசினால் எடுபடாது.

போகும் நாளை நினைக்காமல் இருப்பது

ஜூலை மாதம் ஒரு டியூஷன் மையத்தில் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் லாகின் செய்கிறார், ஓடிபி கேட்கிறது. ஓடிபி போவது படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட மாணவரின் போனுக்கு. அவர் மீட்டிங்கில் இருக்கிறார், எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடுவதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி காத்திரு. வாசலில் அட்மிஷனுக்குப் பிள்ளைகளோடு நின்ற அம்மாக்களைப் பார்த்த பொறுப்பாளர், மேஜை டிராயரைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார்.

டொமைன் (இணைய முகவரி), சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் முதல் நாளே அமைப்பின் பெயரில் ஒரு மெயில் ஐடி உருவாக்கி அதில்தான் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி மெயில் வேண்டவே வேண்டாம். படிப்பு முடிந்தால் அது மூடப்படலாம். ஓடிபி அலுவலக போனுக்கு வரட்டும். இலவச சர்வரை நம்பி விட்டுப் போகாதீர்கள். புரோகிராம்களை இணையத்தில் ஓட்ட மாணவர்கள் அதிகம் பயன்படுத்திய ஹெரோக்கு 2022 நவம்பர் 28-இல் இலவசத் திட்டங்களை நிறுத்தியது. யாரும் கவனிக்காத பிராஜெக்ட்டுகள் அதோடு நின்றுபோயின. வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று அமைப்பிடம் ஜனவரியிலேயே சொல்லுங்கள். கட்ட முடியாது என்றால் செலவில்லாத எளிய வழிக்கு மாறுங்கள்.

பிப்ரவரி கடைசியோடு புது வசதி சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். மார்ச் முழுக்க அக்காவே ஓட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், மவுஸைத் தொடாதீர்கள். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு சாயங்காலம் திருத்துங்கள். இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் இன்னொருவர் இருப்பார். பேக்கப் எடுக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது; அதிலிருந்து தகவலைத் திரும்பக் கொண்டுவருவதை அவரையே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. தரைத்தள அலுவலகத்தில் மேஜைக்கு அடியில் இருக்கும் சிபியுவில் மட்டும் எல்லாமும் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுக்க ஒரு பொத்தான் வையுங்கள், ஓரத்தில் பென்சிலில் எழுத நிறைய இடம் விட்டு.

டொமைன் புதுப்பிக்கும் தேதி மெயிலில் வரும் என்று விடாதீர்கள். அலுவலகச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். அந்தத் தேதிக்கு 15 நாள் முன்னால் இருக்கும் தாளைத் தேடி, கொட்டை எழுத்தில் ‘இன்று டொமைனுக்குப் பணம் கட்டணும்’ என்று எழுதி, பக்கத்தில் தொகையையும் குறித்துவிட்டு வாருங்கள். அன்று காலையில் முந்தைய நாள் தாளைக் கிழிப்பவர் கண்ணில் அது பட்டே தீரும்.