சிங்கப்பூர் வாடகை வீடு: கோட்டா சிக்கல் தீர்ந்த விதம்

ஈசூனில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு பிடித்துப்போய், வாடகை பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் வீட்டுக்காரர் அனுமதிக்கு விண்ணப்பித்ததும் முடியாது என்று வந்துவிட்டது: குடியுரிமை இல்லாதவர்களுக்கான கோட்டா நிரம்பிவிட்டது.

என் வேலை அனுமதி அட்டையில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருந்தது, அதனால் அது காரணமில்லை. முகவர் சொன்னபடி பக்கத்துப் புளோக்குகளில் (அடுக்குமாடிக் கட்டடங்களில்) தேடினேன். அங்கும் அதே பதில். அறை மட்டும் எடுத்தால் இந்தக் கோட்டா இல்லை. குடும்பத்தோடு இருக்கும் எனக்கு அது சரிவராது.

விஷயம் இதுதான். முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு இரண்டு வரம்பு: புளோக்கில் 11%, வட்டாரத்தில் 8%. எங்களுக்கு நிரம்பியிருந்தது வட்டார வரம்பு. அப்புறம் பக்கத்துப் புளோக் எப்படிக் கிடைக்கும்?

பலர் கவனிக்காத ஒன்று: ஈசூன் போன்ற நகரங்களில் மூன்று இலக்கப் புளோக் எண்ணின் முதல் இலக்கமே வட்டாரத்தைக் காட்டும். 7இல் தொடங்குபவை எல்லாம் ஒரே வட்டாரம்; நான் அதுவரை தேடியதும் அவற்றில்தான். அதனால் 2இல் தொடங்கும் புளோக்குகளுக்குப் போனேன். வீட்டைப் பார்க்கப் போகுமுன்பே வீவக இணையச் சேவையில் அந்த முகவரிக்குக் கோட்டா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். முதலில் இடம் காட்டிய வீட்டுக்கே அனுமதி கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

ஒப்பந்தம் போட்ட 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டிவிட்டேன். மொத்த வாடகையில் 0.4%.