செம்பு உறிஞ்சியைச் சோதிக்கும் முறை

கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் சிங்க்ரோட்ரான் ஒளி மையத்தில், எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு ஒளி உண்டாக்கும் வளையம் சிறியதுதான். ஆனாலும் 700 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களை 4.5 டெஸ்லா காந்தப்புலம் வளைக்கும்போது, மின்னோட்டம் 300 மில்லியாம்பியர் என்று கொண்டால், ஏறத்தாழ 12 கிலோவாட் கதிர்வீச்சு வெளிப்படும் என்பது கணக்கு. இத்தகைய வளையங்களில் பயன்படாத கதிரைத் தாங்கி, அதன் வெப்பத்தை நீரிடம் ஒப்படைப்பதே உறிஞ்சியின் வேலை.

புதிய உறிஞ்சிக்குள் ஒரு சொட்டு நீர் போவதற்கு முன்பே ஹீலியம் வாயுவைக் கொண்டு ஓட்டை தேடும் கசிவுச் சோதனையை முடித்துவிடுங்கள். நுண்துளையில் நீர் புகுந்து நின்றால் அதுவே அடைப்பாகி, ஓட்டைப் பாகத்தையும் நல்ல பாகமாகக் காட்டிவிடும். நீரை ஏற்றிச் செய்யும் அழுத்தச் சோதனைக்குப் பின் நீர்வழியைச் சூடான நைட்ரஜனால் உலர்த்தி, வெற்றிடத்தில் வைத்து, மீண்டும் ஹீலியத்தால் பாருங்கள்.

அடுத்தது வெப்பச் சுழற்சி. சூடாகும் மேற்பரப்பு விரிய முயல, குளிர்ந்த பின்புறம் அதை விடாமல் பிடிக்கிறது. இந்த இழுபறி திரும்பத் திரும்ப நிகழ்வதால்தான் செம்பு சோர்ந்து விரிசல் விடுகிறது. ஆகவே நாள் முழுக்கத் தொடர்ந்து சூடாக்குவதால் பெரிதாக எதுவும் தெரியவராது. வெற்றிட அறையில் எலெக்ட்ரான் கற்றையால், உண்மைக் கதிர் விழும் அதே குறுகிய பட்டையைச் சூடாக்கி, தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரி காட்டும் அளவு நிலைத்ததும் நிறுத்தி, நீரின் வெப்பநிலைக்குத் திரும்பியதும் மறுபடி தொடங்குங்கள். உறிஞ்சியின் ஆயுட்காலத்தில் வளையத்தின் கற்றை எத்தனை முறை நின்று எழும் என்று கணக்கிட்டு, அதற்கும் மேலாகச் சில மடங்கு ஓட்ட வேண்டும்.

கற்றையைத் தரும் எலெக்ட்ரான் துப்பாக்கியின் மின்திறனை அப்படியே நம்ப வேண்டாம். எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி செம்பில் பட்டுப் பின்னோக்கிச் சிதறிவிடும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும் நீர் 7 டிகிரி சூடேறினால், உள்ளே போனது ஏறத்தாழ 5 கிலோவாட். நான் நம்புவது இந்தக் கணக்கைத்தான்.

நம் ஊரின் ஈரக் காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. 18 டிகிரி நீர் ஓடிய குழாயில் துளிகளைக் கண்டு, கசிவு என்று பயந்து அரை நாள் சோதனையை நிறுத்தியவன் நான். துடைத்துப் பார்த்தபோது குழாய் நெடுகிலும் ஒரே சீராக மறுபடி வியர்த்தது. கசிவாக இருந்திருந்தால் ஏதாவது ஓர் இணைப்பில்தான் துளிர்த்திருக்கும். அன்றுமுதல் உள்ளே வரும் நீரை, காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்குச் சற்று மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

சுழற்சிகள் முடிந்ததும் மீண்டும் உலர்த்தி, ஹீலியச் சோதனை செய்யுங்கள். பின்னர் ஒரு மாதிரியைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். மேற்பரப்பில் விரிசல் இருப்பதாலேயே அந்த உறிஞ்சியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நீர்வழிச் சுவரில் அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.