கல்லூரி உயிரியல் துறையில் ஹெர்பேரியம்: செடி பறிப்பதிலிருந்து அலமாரி வரை

கிறித்தவக் கல்லூரி ஒன்றின் உயிரியல் துறை சொந்தமாக ஹெர்பேரியம் (உலர்த்தித் தாளில் ஒட்டிய செடி மாதிரிகளின் சேகரிப்பு) தொடங்க நினைத்தால், முதலில் வாங்க வேண்டியது அலமாரி அல்ல, கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு. எந்த ஆசிரியர் பொறுப்பு, அவருக்குப் பின் யார் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பூச்சி அரித்துப் போன தாள்கள் ஒருபுறம் இருக்க, பொறுப்பாசிரியர் ஓய்வு பெற்றதும் எந்த எண் எந்தச் செடிக்கு என்று யாருக்கும் தெரியாமல் போவதும் பெரிய இழப்பு.

களத்துக்குப் போகும்போது கத்தரிக்கோல், தோண்டுகரண்டி, பாலித்தீன் பைகள், நூல் கட்டிய எண் சீட்டுகள், பென்சில், குறிப்பேடு போதும். வளாகத்துக்கு வெளியே என்றால் நில உரிமையாளரிடமோ வனத்துறையிடமோ முன்பே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பூவோ காயோ இல்லாத கிளையைப் பறிக்காதீர்கள். இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான். மரம், புதர் என்றால் 25 முதல் 35 செ.மீ. நீளக் கிளை. சிறு செடியையும் புல்லையும் வேரோடு எடுக்க வேண்டும். நீளமாக இருந்தால் V அல்லது N வடிவில் மடிக்கலாம்.

பறித்த இடத்திலேயே எழுத வேண்டியவை: இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், பால் வடிகிறதா, மணம் உண்டா. நிறமும் மணமும் காய்ந்த பிறகு தெரியாது. குறிப்பில்லாத மாதிரி எவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. சேகரிப்பு எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். ஆண்டுதோறும் 1-லிருந்து தொடங்கினால் இரண்டு செடிகளுக்கு ஒரே எண் வந்து நிற்கும்.

அன்றைக்கே பிரஸ்ஸில் (செடியைத் தட்டையாக அழுத்தி உலர்த்தும் சட்டம்) வைத்துவிடுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் செடி, இரண்டு மடிப்புகளுக்கு நடுவே மை ஒற்றுத்தாள். ஒரு இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரிய வையுங்கள். நரம்பும் ரோமமும் அங்கேதான் தெளிவாகத் தெரியும். 24 மணி நேரம் கழித்துத் தாளை மாற்றும்போது செடி வாடித் துவண்டிருக்கும். இலையை விரிக்கவும் இதழைச் சரிசெய்யவும் அதுதான் நல்ல நேரம். காய்ந்த பிறகு தொட்டால் முறியும். அதன்பின் ஒரு வாரம் போல தினமும் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாள் வைக்க வேண்டும். இலை கருத்துப்போவதும் பூஞ்சை பிடிப்பதும் பெரும்பாலும் தாள் மாற்றத் தவறியதால்தான். ஆகவே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய நாளில் சேகரிப்புக்குப் போகாதீர்கள். கல்லூரி திறக்கும்போது பிரஸ் முழுக்கப் பூஞ்சைதான் இருக்கும். சூடேற்றும் உலர்த்தி இருந்தால் 40 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். கள்ளி போன்ற சதைப்பற்றுள்ளவை பிரஸ்ஸுக்குள்ளும் உயிரோடு இருந்து உறுப்புகளை உதிர்க்கும். சில நொடிகள் கொதிநீரில் முக்கி எடுத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

ஒட்டும் தாள் அமிலமற்றதாக, 29 × 42 செ.மீ. அளவில் இருக்கட்டும். மெத்தில் செல்லுலோஸ் பசையால் ஒட்டி, தடித்த தண்டை நூலால் தைத்துவிடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம்: மஞ்சளாகி உரிந்து, இலையையும் பிய்த்துக்கொண்டு வரும். உதிர்ந்த விதை, இதழ் எல்லாம் ஒரு சிறு காகித உறைக்குள் போய் அதே தாளில் இருக்க வேண்டும். வலது கீழ் மூலையில் லேபிள்.

டார்வினின் ஆசிரியரும் ஆங்கிலிக்கன் குருவுமான கேம்பிரிட்ஜ் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ, ஒரே இனத்தின் பல மாதிரிகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டி, இனத்துக்குள் உள்ள வேறுபாடுகளைக் காட்டினார். வகுப்பில் மாணவர்களுக்குக் காட்ட அருமையான வழி. ஆனால் வெவ்வேறு இடத்தில் எடுத்தவற்றை ஒரே தாளில் ஒட்டினால் எந்தக் குறிப்பு எந்தக் கிளைக்கு என்ற குழப்பம் வரும். தனித்தனித் தாளில் ஒட்டி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிக் காட்டுவது நல்லது.

பூச்சிக்கு ஒரு காலத்தில் மெர்குரிக் குளோரைடு பூசினார்கள். கொடிய நஞ்சு அது, இன்று தேவையில்லை. பழைய தாள்கள் துறைக்கு வந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். புதிய மாதிரிகளைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்தால், காய்ந்த செடிகளை அரிக்கும் சிகரெட் வண்டும் அதன் புழுக்களும் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் அறை வெப்பத்தில் விட்டுப் பிறகு பிரியுங்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாள்மேல் நீர் படிந்து, அத்தனை நாள் உலர்த்தியதும் வீணாகும். அலமாரிக்குள் போகும் எந்தத் தாளும், கடன் கொடுத்துத் திரும்பி வந்ததானாலும், முதலில் உறைபெட்டிக்குத்தான் போக வேண்டும்.