பட்டப்படிப்புக்கு முன் ஒரு வருடம்: ஃபவுண்டேஷன் சேர நினைப்பவர்களுக்குப் படிப்படியாக

ஜனவரியில் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளின் ஓ லெவல் தேர்வு முடிவு வந்த கையோடு எனக்கு இரண்டு மூன்று போன் வரும். இந்த முறை முதலில் அழைத்தது ஈசூனில் இருக்கும் சித்தி மகன். "அக்கா, ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் படிச்சா நேரா டிகிரிக்குப் போயிடலாமாம், சேரட்டுமா?" என்றான். எந்த டிகிரிக்கு என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

நானும் அந்த ஒரு வருடத்தைப் படித்துத் தாண்டி வந்தவள்தான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிங்கப்பூரில் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இரண்டு வேறு படிப்புகள் ஓடுகின்றன. ஒன்று பாலி ஃபவுண்டேஷன். 2013இல் தொடங்கியது. வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் 'என்' (N) லெவல் தேர்வை நன்றாக எழுதியவர்கள் உயர்நிலை ஐந்துக்குப் போகாமல், பலதுறைத் தொழிற்கல்லூரியிலேயே (அதுதான் பாலி) ஒரு வருடம் படித்துவிட்டு டிப்ளோமாவுக்குள் நுழைவது. அது முடிந்தால் கிடைப்பது டிப்ளோமாவில் ஓர் இடம், டிகிரியில் அல்ல. (2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து இந்தப் பிரிவுகளே இல்லை. 2027இல் அவர்கள் எழுதப்போகும் தேர்வின் பெயரும் வேறு. அதனால் தம்பி தங்கைக்காக இதைப் படிக்கிறவர்கள் கல்வி அமைச்சின் இணையப் பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்று தனியார் கல்விக் கழகங்கள் நடத்தும் ஃபவுண்டேஷன். நம் ஓ லெவல் பத்து, பதினோரு வருடப் படிப்போடு முடிகிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அதற்கு மேலும் இரண்டு வருடப் படிப்பை எதிர்பார்க்கின்றன. அந்த இடைவெளியைத் தொடக்கக் கல்லூரி இரண்டு வருடத்திலும், மில்லெனியா கல்வி நிலையம் மூன்று வருடத்திலும் நிரப்புகின்றன. பாலி டிப்ளோமாவுக்கும் மூன்று வருடம். ஃபவுண்டேஷன் அதை ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் சுருக்குகிறது. இனி நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நீங்கள் படிக்க விரும்பும் பட்டம், அதன் கீழே பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்கும் கீழே அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் நுழைவுத் தகுதி. இந்த மூன்று வரியையும் எழுத முடியாதவரை எந்தக் கழகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஃபவுண்டேஷன் சான்றிதழ் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி இல்லை. என்யுஎஸ், என்டியு போன்ற உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு வழக்கமான வழி ஏ லெவல் (தொடக்கக் கல்லூரி முடிவில் எழுதும் தேர்வு), பாலி டிப்ளோமா, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்). தனியார் ஃபவுண்டேஷனை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. அங்கேதான் போக வேண்டும் என்றால் பாலியிலோ தொடக்கக் கல்லூரியிலோ சேருங்கள். கூடுதலாக ஓரிரு வருடம் ஆனாலும் அதுதான் சரியான பாதை.

வெளிநாட்டுப் பட்டம் என்றாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சில ஃபவுண்டேஷன்களை அதே கழகமும் அதன் பங்காளிப் பல்கலைக்கழகமும் மட்டுமே ஏற்கும். சிலவற்றுக்கு வெளியேயும் மதிப்பு உண்டு. "இந்தச் சான்றிதழோடு வேறு எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் மாணவர்கள் போயிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். மருத்துவம், சட்டம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். இங்கே டாக்டராகவோ வழக்கறிஞராகவோ பதிவு செய்ய, அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியல் தனியாக இருக்கிறது. பட்டம் அதில் இல்லையென்றால் படித்த படிப்பு வேலைக்கு உதவாது.

என் கதை இதில் ஒரு பாடம். நான் படிக்க நினைத்தது கணினித்துறை. ஒரு கழகத்தின் கண்காட்சி மேசையில் உட்கார்ந்திருந்தவர் "எல்லாப் பட்டத்துக்கும் இதே ஃபவுண்டேஷன்தாம்மா" என்றார். சேர்ந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அது வணிகப் பிரிவு. கணக்குப் பாடம் புள்ளியியலோடு நின்றது. கணினிப் பட்டத்துக்கு வேண்டிய கணக்கு அதில் இல்லை. வேறோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்க நான்கு மாதம் போனது. பாடப்பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்புதான்.

படி 2: கழகத்தைச் சரிபாருங்கள்

2009ஆம் ஆண்டு தனியார் கல்விச் சட்டத்தின்படி கழகங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின் இணையத்தளத்தில் கழகத்தின் பெயரைத் தட்டினால் பதிவு இருக்கிறதா, எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எடுடிரஸ்ட் நான்கு வருடத்துக்கும் தருவார்கள், ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாகவும் தருவார்கள். எது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து உறவுக்காரப் பிள்ளை யாராவது வருவதாக இருந்தால் எடுடிரஸ்ட் இல்லாத இடத்தை யோசிக்கவே வேண்டாம், மாணவர் அனுமதி அட்டை கிடைக்காது. தனியார் கழகத்தில் சேருகிற வெளிநாட்டு மாணவர் பகுதிநேர வேலையும் பார்க்க முடியாது. "தேக்காவில் ஒரு கடையில் மாலை நேரம் நின்று செலவைச் சமாளித்துக்கொள்வான்" என்று மாமாமார் போடும் கணக்கு இங்கே செல்லாது. இன்னொன்று, பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பல பட்டங்களில் நேரடியாகவே இடம் கிடைக்கலாம். ஃபவுண்டேஷன் தேவையா என்பதையே முதலில் கேளுங்கள்.

படி 3: பணமும் ஒப்பந்தமும்

அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் இதற்குக் கிடையாது. அப்பாவின் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக்கு எடுக்கும் திட்டமும் மானியம் பெறும் படிப்புகளுக்குத்தான். ஆக, கையில் இருக்கும் காசு அல்லது வங்கிக் கடன். விளம்பரத்தில் 10,000 வெள்ளி என்று போட்டிருந்தால், பொருள் சேவை வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். 9 விழுக்காடு சேர்ந்தால் 10,900. அதற்கு மேல் விண்ணப்பம், மறுதேர்வு, காப்புறுதி என்று தனித்தனியாக வரும்.

ஒப்பந்தத்தில் நான்கு அட்டவணைகள் இருக்கும். ஏ என்பது படிப்பின் விவரம், பி கட்டணம், சி இதரக் கட்டணங்கள், டி பணம் திருப்பித் தரும் விதி. பெரும்பாலோர் பி அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது டி. எத்தனை நாளுக்கு முன் விலகினால் எத்தனை விழுக்காடு திரும்பும் என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ஏழு வேலை நாள் மனம் மாற அவகாசம் உண்டு, ஆனால் அந்த நாட்களை எண்ண யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். கட்டிய பணத்துக்குக் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ்க் காப்புறுதி எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டு, அதன் ஆதாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்களுக்கு மட்டும்: தேசிய சேவையைத் தள்ளிவைப்பது ஏ லெவல், பாலி அளவிலான படிப்புக்குத்தான், பட்டப்படிப்புக்குப் பொதுவாகக் கிடையாது. அதிலும் வயது வரம்பு உண்டு. நீங்கள் சேரப்போகும் ஃபவுண்டேஷனுக்குத் தள்ளிவைப்பு உண்டா என்று தேசிய சேவைக்கு ஆள் சேர்க்கும் மத்திய மனிதவளத் தளத்திடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கழகத்து விற்பனையாளர் சொல்வதை இதில் நம்ப வேண்டாம்.

படி 4: வகுப்பு தொடங்குவதற்கு முன்

கணக்கில் மறந்ததைத் தூசி தட்டுங்கள். இருபடிச் சமன்பாடு, அடுக்கு, மடக்கை, வரைபடம். பொறியியல், கணினி என்றால் ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படிக்காதவர்கள் வகையீட்டையும் தொட்டுவிட வேண்டும். தினம் அரை மணி நேரம் போதும்.

உண்மையில் உதைப்பது கட்டுரைதான். பள்ளியில் நாம் எழுதியது நினைவிலிருந்து. இங்கே படித்ததை வைத்து, யார் சொன்னது என்று குறிப்பிட்டு, நம் சொல்லில் எழுத வேண்டும். எழுதப்போவது ஆங்கிலத்தில், ஆனால் வித்தை எந்த மொழியிலும் ஒன்றுதான். இதைப் பாருங்கள்.

மூலத்தில் இருப்பது: "சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 1994இல் 3 விழுக்காடாக அறிமுகமானது. 2007இல் 7 விழுக்காடாகவும், 2023இல் 8 விழுக்காடாகவும், 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது."

புதிதாக வருகிறவர் எழுதுவது: "சிங்கப்பூரில் இந்த வரி 1994ஆம் ஆண்டு 3 விழுக்காடாகக் கொண்டுவரப்பட்டது. பின்பு 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 என அதிகரித்தது." இரண்டு சொல்லை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இதைப் பிடித்துவிடும். பிடிக்காவிட்டாலும் மதிப்பெண் வராது.

இப்படி எழுதலாம்: "2007க்குப் பிறகு பதினைந்து வருடங்களுக்கு மேல் அசையாமல் நின்ற வரி விகிதம், 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு முறை ஏறியது." எண்கள் அதே எண்கள்தான், ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் ஒன்றைக் கவனித்துச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டால் முடிந்தது. வாரம் ஒரு செய்திக் கட்டுரையை எடுத்து, மூடி வைத்துவிட்டு, மூன்று வரியில் இப்படி எழுதிப் பழகுங்கள். மூடி வைப்பது முக்கியம். திறந்திருந்தால் கண் தானாக அதே வாக்கியத்துக்குப் போய்விடும்.

படி 5: முதல் வாரத்திலேயே மதிப்பெண் கணக்கு

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு விவரத்தாள் தருவார்கள். அதில் ஒப்படைப்புக்கு (வருடத்தின் நடுவே எழுதிக் கொடுக்கும் வேலை) எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு என்று இருக்கும். ஒரு பாடத்தில் ஒப்படைப்பு 40, தேர்வு 60 என்று வைத்துக்கொள்வோம். பட்டத்துக்குப் போக மொத்தம் 60 வேண்டும். ஒப்படைப்பில் 55 விழுக்காடு வாங்கினால் கையில் 22. மீதி 38ஐத் தேர்வின் 60இல் எடுக்க வேண்டும், அதாவது 64 விழுக்காடு. அதே ஒப்படைப்பில் 70 வாங்கியிருந்தால் கையில் 28, தேர்வில் 54 எடுத்தாலே போதும். தேர்வு மண்டபத்தில் கை நடுங்குகிறவர்களுக்கு இந்தப் பத்து விழுக்காடு பெரிய நிம்மதி.

அப்புறம், தேர்ச்சி மதிப்பெண் வேறு, பட்டத்தில் நுழையத் தேவையான மதிப்பெண் வேறு. 50 எடுத்துத் தேர்ச்சி பெற்று, நினைத்த பட்டத்துக்கு 60 வேண்டும் என்பதைக் கடைசி மாதத்தில் தெரிந்துகொண்டவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

படி 6: பாதி வருடத்தில்

பட்ட விண்ணப்பத்தை முடிவு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தால் கடைசித் தேதி நீங்கள் தேர்வு எழுதும் முன்பே வந்துவிடலாம். இருக்கிற மதிப்பெண்ணை வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள். ஆங்கிலத்துக்கு ஓ லெவல் முடிவே போதுமா, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். தேசிய சேவைக் கடமை உள்ள பையன்கள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் நாட்டை விட்டுச் செல்லும் அனுமதியும் (எக்சிட் பெர்மிட்) வாங்க வேண்டும்.

பாட விவரத்தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் சான்றிதழோடு, என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள். எனக்கு அது தேவைப்பட்டபோது கழகத்தின் மாணவர் இணையப் பக்கத்தில் என் கணக்கை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். கூடப் படித்த தோழி ஒருத்தி அச்செடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.