இலை மஞ்சளானால் மீனைக் கூட்டாதீர்கள்: அக்வாபோனிக்ஸில் விளைச்சல் பெருக்கும் முறை

அக்வாபோனிக்ஸ் என்றால் மீன் தொட்டித் தண்ணீரை ஜல்லிப் பாத்தியில் சுற்றவிட்டு, மீன் கழிவையே உரமாக்கிச் செடி வளர்ப்பது. அதை அமைத்து இரண்டு மாதத்தில் என் செடிகளின் இலை வெளிறியது. சத்து போதவில்லை என்று இன்னும் சில மீன்களை வாங்கி விட்டேன். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

முதல் வேலை, காத்திருப்பது. மீன் கழிவிலுள்ள அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஜல்லியில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தீவனம் கொஞ்சமாகத்தான். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கி நைட்ரேட் ஏறியதும் நாற்று நடலாம்.

அப்புறம் தராசு. செடிக்கு உரமாவது மீன் தின்னும் தீவனம்தான். எனவே மீனை எண்ணாதீர்கள், தீவனத்தை எடை பார்த்துப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் கீரை என்றால் நாளுக்கு 40 முதல் 50 கிராம், தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு 50 முதல் 80 கிராம். மீன்கள் அவ்வளவு தின்னவில்லையா? பாத்தியைக் குறையுங்கள். மிஞ்சிய தீவனத்தை அரை மணி நேரத்தில் அள்ளிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பாருங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் மீன், செடி, பாக்டீரியா மூன்றும் ஒத்துப்போகும். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அது தானாகவே இறங்கும். அப்போது கால்சியம் ஹைட்ராக்சைடு ஒருமுறை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மறுமுறை என்று மாற்றி மாற்றிச் சேர்ப்பேன். தீவனத்தில் குறைவாக உள்ள இரண்டு சத்துகளும் இப்படியே கிடைத்துவிடும். கையுறை போட்டு, வாளித் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். சமையல் சோடா வேண்டாம், சோடியம் சேர்ந்துவிடும். பிஎச் இறங்கவே இல்லையென்றால் ஜல்லியில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், அதுதான் பிஎச்சை இறங்க விடாமல் வைக்கிறது.

சரி, மஞ்சள் இலைக்கு வருவோம். எந்த இலை என்பதுதான் கேள்வி. பழைய இலை முழுக்க வெளிறினால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. என் தொட்டியில் அதுதான். எத்தனை மீன் விட்டாலும் தீராது, ஏனென்றால் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு இல்லை. டிடிபிஏ செலேட் இரும்பு (தண்ணீரில் கரைந்தே நின்று செடிக்குக் கிடைக்கும் இரும்புத் தூள்), லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேரும்படி போடுங்கள்; 11 சதவீதம் இரும்புள்ள தூள் என்றால் 1000 லிட்டருக்குச் சுமார் 18 கிராம். மஞ்சளான இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த துளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்.