தலைசுத்தலுக்கு உள்காது எம்ஆர்ஐ: ஊசி போட்டு 4 மணி நேரம் கழிச்சு எடுக்கிற ஸ்கேன், ஸ்டெப் ஸ்டெப்பா

எம்ஆர்ஐ ரூமுக்கு புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஆனா டாக்டர் இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்து என்ன ஏதுன்னு புரியாம உக்காந்திருக்கிறவங்களும் தாராளமா படிக்கலாம். கட்டி இருக்கான்னு பார்க்க ஊசி போட்ட கையோட எடுக்கிற காது எம்ஆர்ஐ வேற, இது வேற.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு தெரியணும். உள்காதுங்கறது எலும்பைக் குடைஞ்ச ஒரு சின்ன குகை, அதுல பெரிலிம்ப்னு ஒரு திரவம், அதுக்குள்ள மெல்லிசா ஒரு ஜவ்வுப் பை, அந்தப் பைக்குள்ள எண்டோலிம்ப்னு இன்னொரு திரவம். குடத்துத் தண்ணிக்குள்ள தண்ணி நிரப்பின பாலித்தீன் பையை போட்டா கண்ணுக்கு பை தெரியாது இல்லையா, அந்தக் குடத்துல ரெண்டு சொட்டு சொட்டுநீலம் விடுங்க, சுத்தி இருக்கிற தண்ணி மட்டும் நீலமாகி பை பளிச்சுனு தனியா தெரியும். படத்துல பளிச்சுனு காட்டறதுக்காக ஊசியில போடற கான்ட்ராஸ்ட் மருந்து செய்யறதும் அதேதான், அதுல இருக்கிற கேடோலினியம் பெரிலிம்புக்குள்ள போகும், எண்டோலிம்புக்குள்ள போகாது.

தலைசுத்தலும் காது இரைச்சலும் விட்டு விட்டு வர்ற மெனியர் நோய்ல இந்தப் பை உப்பிப் போகுது, அதுக்குப் பேர் ஹைட்ராப்ஸ். 1938ல லண்டன்ல ஹால்பைக்கும் கேர்ன்ஸும், ஜப்பான்ல யமகாவாவும் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க, அதுவும் இறந்தவங்க காது எலும்பை வெட்டி மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்துத்தான். உயிரோட இருக்கிறவங்க காதுல அதைப் படமா பார்க்க 2007 வரைக்கும் ஆச்சு, ஜப்பான்ல நகோயா ஊர்ல நாகாஷிமா டீம் கேடோலினியத்தை 8 மடங்கு நீர்க்க வச்சு செவிப்பறை வழியா செலுத்தி மறுநாள் ஸ்கேன் எடுத்தாங்க. அப்புறம் 2010ல அதே ஊர்ல நாகனாவா டீம் கையில ஊசி போட்டு 4 மணி நேரம் கழிச்சு எடுத்தாலே போதும்னு காட்டினாங்க. இப்போ நாம செய்யறது இந்த ரெண்டாவது முறைதான்.

ஸ்டெப் 1: இந்த ஸ்கேன் தேவையா?
படுக்கையில புரண்டா அரை நிமிஷம் சுத்தி நின்னுடுதுன்னா அது பெரும்பாலும் காதுக்குள்ள சுண்ணாம்புத் துகள் இடம் மாறினது, தலையைத் திருப்பிப் பார்க்கிற டெஸ்ட்லயே தெரிஞ்சிடும், இந்த எம்ஆர்ஐ வேண்டாம். 20 நிமிஷத்துலேர்ந்து 12 மணி நேரம் வரைக்கும் சுத்தல், கூடவே ஒரு காதுல இரைச்சல், அடைப்பு, கேட்கிறது ஒருநாள் கூட ஒருநாள் குறைய, காது கேட்கிற டெஸ்டான ஆடியோகிராம்ல தாழ்ந்த சுருதி சத்தம் சரியா கேட்காம இருக்கு, இப்படி இருந்தாத்தான் மெனியர் சந்தேகம். பேச்சு குழறுது, கை கால் வரலை, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா எதுக்கும் காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடணும், அது மூளை சம்பந்தப்பட்டதா இருக்கலாம்.

ஸ்டெப் 2: ஊசிக்கு முன்னாடி
கிட்னிக்கான ரத்த டெஸ்ட் கிரியேட்டினின் பாருங்க, கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு சொல்ற இஜிஎஃப்ஆர் 30க்கு கீழ இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம ஊசி போடக்கூடாது. கர்ப்பமா, பேஸ்மேக்கர் இருக்கா, காது கேட்கறதுக்காக உள்ள பொருத்தற காக்ளியர் இம்ப்ளான்ட் வச்சிருக்காங்களா, முன்னாடி கான்ட்ராஸ்ட் அலர்ஜி வந்திருக்கா, எல்லாம் கேளுங்க.

ஸ்டெப் 3: ஊசியும் காத்திருப்பும்
வழக்கமான டோஸ் கிலோவுக்கு 0.1 மில்லிமோல், சில இடத்துல டபுளா போடறாங்க, உங்க ரேடியாலஜிஸ்ட் சொல்றதுதான் கணக்கு. ஊசி போட்ட நேரத்தை ஃபார்ம்ல பெருசா எழுதுங்க. ரத்தத்துக்கும் உள்காதுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, மருந்து அதைத் தாண்டி மெதுவா கசிஞ்சுதான் பெரிலிம்புக்கு போகும், நிறையறதுக்கு கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். நான் வேலை கத்துக்கிட்ட காலத்துல வெளியிலிருந்து ஒரு அம்மா படத்தோட வந்தாங்க, ஊசி போட்டு பத்தே நிமிஷத்துல எடுத்த ஸ்கேன், ஹைட்ராப்ஸ் இல்லைன்னு ரிப்போர்ட், படத்தைப் பார்த்தா பெரிலிம்ப்ல மருந்தே ஏறலை, அப்புறம் எதை வச்சு இல்லைன்னு சொல்றது? அந்தம்மாவுக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் செலவு. எனக்கு இன்னைக்கும் மனசு கேக்கலை.

காத்திருக்கிற நேரத்துல சாப்பிடலாம், தண்ணி குடிக்கலாம், ஆனா கூட ஒரு ஆள் இருக்கணும், எப்போ தலை சுத்தும்னு அவங்களுக்கே தெரியாது.

ஸ்டெப் 4: ஸ்கேன்
காந்த சக்தி 3 டெஸ்லா இருக்கிற மெஷின்தான் நல்லது. நாம பார்க்கிற இடமே சில மில்லிமீட்டர்தான், ஒரு ஸ்லைஸ் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, எச்சில் முழுங்கினாக்கூட படம் கலங்கும், அதனால தலைக்கு ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சு இறுக்குங்க, இரைச்சல் இருக்கிறவங்களுக்கு மெஷின் சத்தம் பெரிய கொடுமை, காது அடைப்பானை நீங்களே சரியா வச்சு விடுங்க. ரெண்டு வகைப் படம் வேணும். ஒண்ணு அழுத்தமான டி2ங்கற வகை, இதுல ரெண்டு திரவமும் வெள்ளையா வரும், மொத்த குகையோட எல்லை தெரியும். இன்னொண்ணு 3டி ஃப்ளேர், சாதாரண திரவத்தை கறுப்பாக்கிடும், மருந்து ஏறின பெரிலிம்ப் மட்டும் வெள்ளையா தப்பிச்சு நிக்கும்.

ஸ்டெப் 5: படத்தைப் பார்க்கிறது
இங்கதான் புதுசா வர்றவங்க தடுமாறுவாங்க. ஃப்ளேர்ல பையும் கறுப்பு, சுத்தி இருக்கிற எலும்பும் கறுப்பு, அதனால எப்பவும் டி2 படத்தை பக்கத்துல வச்சுக்கிட்டு பாருங்க, டி2ல வெள்ளை, ஃப்ளேர்ல கறுப்புன்னா அதுதான் எண்டோலிம்ப். குகையோட நடு அறையான வெஸ்டிபியூல்ல ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியும், ரெண்டும் எண்டோலிம்ப் பைதான், முன்னாடி சின்னது சாக்யூல், பின்னாடி பெருசு யூட்ரிக்கிள். சாக்யூல் யூட்ரிக்கிள் அளவுக்கு வந்துட்டாலோ அதை விட பெருசானாலோ சந்தேகப்படுங்க. கறுப்பு மொத்த வெஸ்டிபியூல்ல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா லேசான ஹைட்ராப்ஸ், பாதியைத் தாண்டினா கணிசமானது, இது நாகாஷிமா அளவுகோல். முத்திப் போனா ரெண்டு பையும் ஒண்ணா ஒட்டி வெள்ளையே இல்லாமப் போயிடும். சத்தம் கேட்க உதவற நத்தை வடிவ பகுதியான காக்ளியாவுல நடுப் பை பொதுவா கண்ணுக்கே தெரியாது, கறுப்பு முண்டு முண்டா தெரிஞ்சா உப்பியிருக்குன்னு அர்த்தம். கடைசியா ரெண்டு காதையும் ஒப்பிடுங்க, நோய் இருக்கிற பக்கம் வெள்ளை இன்னும் பளிச்சுனு இருக்கும் பல பேருக்கு, தடுப்பு ஓட்டையாகி மருந்து கூடுதலா கசியறதால.

ஸ்டெப் 6: ரிப்போர்ட்
ஹைட்ராப்ஸ் தெரிஞ்சாலே மெனியர்னு எழுதிடாதீங்க. தொந்தரவே இல்லாத காதுலயும் சில சமயம் தெரியும், தலைசுத்தல் நிபுணர்களோட சர்வதேச சங்கமான பாரனி சொசைட்டியோட 2015 விதிகள்ல இந்த ஸ்கேனே கிடையாது, நோயாளி சொல்ற கதையும் ஆடியோகிராமும்தான் அங்க கணக்கு. எந்தப் பக்கம், காக்ளியாவா வெஸ்டிபியூலா, எவ்வளவு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம், இதை எழுதினா போதும், மிச்சத்தை ஈஎன்டி டாக்டர் நோயாளியை உக்கார வச்சுப் பேசி முடிவு பண்ணுவாரு.