வீட்டு வரி உயர்ந்தால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கூடும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியை உயர்த்தியபோது எல்லோர் வாயிலும் புழங்கிய எண் 150 சதவீதம். அது சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில், அதாவது 2011-க்கு முன்பே மாநகராட்சிக்குள் இருந்த பகுதியில், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கும், வணிகக் கட்டடங்களுக்கும் உரிய எண். அதே பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம்தான். வெளியூர்களில் அதுபோன்ற சின்ன வீட்டுக்கு 25. ஆனால் 500 சதுர அடி வீட்டில் இருந்த பெரியவர்கள்கூட 150 என்று கேட்டுப் பயந்துபோனார்கள்.

செய்தியில் வரும் சதவீதத்தைவிட, அது எந்தத் தொகையின்மேல் ஏறுகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் வீட்டின் பரப்பளவு, பயன்பாடு, அது இருக்கும் தெரு ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அந்த அடிப்படைத் தொகை வருகிறது. அது அலுவலகப் பதிவேட்டில் தவறாக ஏறியிருந்தால், ஒவ்வொரு உயர்வும் அந்தத் தவறையும் சேர்த்தே பெருக்கும். அதனால் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம். கையில் ஒரு பழைய ரசீதும், ஒரு புது ரசீதும், ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

இங்கே சொல்வது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்கு. கிராம ஊராட்சியில் வீட்டு வரி போடும் முறை வேறு.

படி 1: ரசீதை வாசிப்பது

ரசீதின் மேல்பகுதியில் வரிவிதிப்பு எண் இருக்கும். இதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பணம் கட்டவும், புகார் கொடுக்கவும், பெயர் மாற்றவும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்து 'நிலுவை', 'நடப்பு' என்று இரண்டு தொகைகள் இருக்கும். நிலுவை என்பது பழைய பாக்கி. நடப்பு என்பது இந்த அரையாண்டுக்கான வரி. சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தடவை கணக்கிடப்படுகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. "வரி இரண்டு மடங்காகிவிட்டது" என்று பலர் பதறும்போது, உள்ளே ஓர் அரையாண்டு நிலுவை சேர்ந்திருப்பதும் உண்டு. ஒப்பிடும்போது நடப்பை நடப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வரியோடு நூலக வரியும் சேர்ந்து வரும், ரூபாய்க்கு 10 காசு. சொத்து வரி கூடினால் இதுவும் தானாகக் கூடும். சென்னையில் இன்னொன்றும் உண்டு. சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் தனியாக வாங்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்தே போடப்படுகிறது. ஆண்டு மதிப்பு என்றால் என்ன என்பதுதான் அடுத்தது.

படி 2: அடிப்படைத் தொகை எப்படி வருகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

நம் ஊர்களில் சொத்து வரி, வீட்டின் விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வரும் என்று அலுவலகம் ஒரு மதிப்பு வைக்கிறது. நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உங்கள் தெருவுக்கு, சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை விகிதம் இருக்கும். சென்னையில் தெரு வாரியாக இது உண்டு. மற்ற ஊர்களில் தெருக்களை ஏ, பி, சி, டி என்று மண்டலங்களாகப் பிரித்திருப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் 1,000 சதுர அடி வீடு. தெரு விகிதம் சதுர அடிக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை மதிப்பு 2,000 ரூபாய். இதில் 10 சதவீதத்தை நிலத்துக்கு என்று ஒதுக்குவார்கள்: 200 ரூபாய். மீதி 1,800 கட்டடத்துக்கு. கட்டடப் பங்கில் பராமரிப்புக்காக 10 சதவீதம் கழிப்பார்கள்: 1,620 ரூபாய். நிலத்தின் 200-ஐ 12 மாதத்துக்குப் பெருக்கினால் 2,400. கட்டடத்தின் 1,620-ஐப் பெருக்கினால் 19,440. இரண்டும் சேர்ந்து 21,840. இதுதான் ஆண்டு மதிப்பு. மாத வாடகை மதிப்பை 10.92 ஆல் பெருக்கினாலும் இதே விடை வரும். அலுவலகத்தில் "பத்து புள்ளி தொண்ணூற்றிரண்டு" என்று சொன்னால் குழம்ப வேண்டாம், இதைத்தான் சொல்கிறார்கள்.

கட்டடம் பழையதாக இருந்தால் தேய்மானக் கழிவு உண்டு. வாடகைக்கு விடாமல் சொந்தமாகக் குடியிருந்தாலும் கழிவு உண்டு. எல்லாம் போக வரும் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதம்தான் அரையாண்டு வரி.

சதவீதங்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருந்தன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகு 2022 வரை, எல்லாக் கட்டடங்களின் வரியையும் ஒருசேரத் திருத்தும் பொதுச் சீராய்வு எதுவும் நிலைக்கவில்லை. அந்தப் பழைய விகிதப்படி வீடுகளுக்குச் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரைதான். மற்ற ஊர்களில் கடைசிச் சீராய்வு 2008-இல். நடுவில் 2018-இல் ஓர் உயர்வு வந்து, 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு, மத்திய அரசின் நிதியை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு, சொத்து வரியை முறைப்படுத்தினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்தது. சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இருபத்துநான்கு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு மொத்தமாக ஏற்றியதில், ஓய்வூதியத்தில் வாழ்பவர்களும், சொந்த வீடு தவிர வருமானம் ஏதும் இல்லாதவர்களும்தான் அதிகம் திணறினார்கள். வாடகை மதிப்பை வைத்து வரி போடுகிறார்கள், அவர்களுக்கோ வாடகையே வருவதில்லை.

படி 3: உங்கள் வீடு எந்த அடுக்கில்?

2022 உயர்வில் வீடுகள் நான்கு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன: 600 சதுர அடி வரை, 601 முதல் 1,200 வரை, 1,201 முதல் 1,800 வரை, அதற்கு மேல்.

சென்னையின் பழைய பகுதியில் இவற்றுக்கு முறையே 50, 75, 100, 150 சதவீதம். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போல 2011-இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளில் 25, 50, 75, 100. மதுரை, கோவை, திருச்சி உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சி, பேரூராட்சிகளிலும் இதே 25, 50, 75, 100தான்.

900 சதுர அடி வீடு, பழைய அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மயிலாப்பூரில் 2,625 ஆகும். அம்பத்தூரிலோ மதுரையிலோ 2,250.

இன்னொன்று: 100 சதவீத உயர்வு என்றால் இரண்டு மடங்கு. 150 சதவீதம் என்றால் இரண்டரை மடங்கு, ஒன்றரை மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

வருமான வரியில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி விகிதம். இங்கே அப்படி இல்லை, மொத்த வரிக்கும் ஒரே சதவீதம். சென்னையின் பழைய பகுதியில் 3,000 ரூபாய் வரி கட்டிய 1,200 சதுர அடி வீடு 5,250-க்குப் போகும். பதிவேட்டில் அதே வீடு 1,210 என்று இருந்தால் 6,000. பத்து சதுர அடிக்காக அரையாண்டுக்கு 750 ரூபாய் கூடுதல், ஒவ்வோர் அரையாண்டும். அதனால்தான் அடுத்த படியைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

படி 4: பதிவேட்டில் இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒன்றா?

ரசீதில் பரப்பளவு இல்லையென்றால், வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்து வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். சில இடங்களில் சதுர மீட்டரில் இருக்கும். 10.764 ஆல் பெருக்கினால் சதுர அடி. 1,200 சதுர அடி என்பது கிட்டத்தட்ட 111.5 சதுர மீட்டர். வந்த எண்ணைக் கிரயப் பத்திரத்தோடும், அனுமதி பெற்ற வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். இடித்துவிட்ட பின்கட்டு, எடுத்துவிட்ட ஓட்டுக்கொட்டகை எல்லாம் பதிவேட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.

பிறகு பயன்பாடு. இதில்தான் பெரிய தொகை போகிறது. முன்னறையில் ஒரு காலத்தில் தையல் கடையோ பெட்டிக்கடையோ இருந்து, அந்தப் பகுதிக்கு வணிக வரி போட்டிருப்பார்கள். கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் யாரும் எழுதிக் கொடுக்காததால் அது வணிகமாகவே தொடரும். 2022-இல் வணிகக் கட்டடங்களுக்குச் சென்னையின் பழைய பகுதியில் 150, மற்ற ஊர்களில் 100 சதவீதம். அதுவும் ஏற்கெனவே உயர்ந்த வணிக விகிதத்தின்மேல்.

சொந்தக் குடியிருப்பா, வாடகையா என்ற பதிவையும் பாருங்கள். வாடகைக்காரர் காலி செய்து பிள்ளைகள் குடிவந்திருப்பார்கள், பதிவேட்டில் மட்டும் வாடகை வீடாகவே இருக்கும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருந்தால், இந்தச் சரிபார்ப்பில் அதுவும் வெளியே வரும். நீங்களாகவே சொல்லிச் சரிசெய்துவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்தால் பின்தேதியிட்டு வரி வரும்.

படி 5: வரும் ஆண்டுகளுக்கும் கணக்குப் போடுங்கள்

2022-இன் மாற்றம் ஒரு தடவை உயர்வோடு முடியவில்லை. ஆண்டுதோறும் 6 சதவீதமோ, மாநிலப் பொருளாதார வளர்ச்சியின் ஐந்தாண்டுச் சராசரியோ, இரண்டில் எது அதிகமோ அந்த அளவு உயர்த்தலாம் என்ற ஏற்பாடும் வந்தது. எல்லா ஆண்டும் இது நடக்கவில்லை. சென்னை மாமன்றம் 2024 செப்டம்பரில் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது.

6 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் உயர்ந்த தொகையின்மேல்தான் அடுத்த உயர்வு. 2,000 ரூபாய் வரி ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஏறினால் 2,120, 2,247, 2,382, 2,525 என்று போய் ஐந்தாம் உயர்வில் 2,676. பன்னிரண்டு உயர்வில் இரண்டு மடங்கு. ஓய்வுபெறப் போகிறவர்கள் மாதச் செலவுப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். மேலே பார்த்த மயிலாப்பூர் வீட்டில் உயர்வு அரையாண்டுக்கு 1,125 ரூபாய். மாதத்துக்கு 187 ரூபாய் 50 காசு. வரி ஏறிவிட்டது என்று சொல்லி வாடகையில் ஆயிரம் கூட்டுவது நியாயமில்லை. குடியிருப்பவர் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

படி 6: கட்டும் நேரம்

அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள் அல்லது அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கப்படும். உச்சவரம்பு 5,000 ரூபாய். அரையாண்டு கடந்தும் கட்டாவிட்டால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. இணையத்தில் கட்டினால் ரசீதைத் தரவிறக்கி ஓர் அச்சுப்படியும் எடுத்து வையுங்கள்.

படி 7: தவறு இருந்தால் எழுதிக் கொடுப்பது

வாய்ச்சொல்லாக பில் கலெக்டரிடம் சொல்லிவிட்டு வந்தால் அது எங்கும் பதிவாகாது. மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் எழுதுங்கள். உயர்வு அறிவிப்பு கைக்கு வந்திருந்தால், ஆட்சேபணைக்கு அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், விவரம் போதும். இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட வரிவிதிப்பு எண்ணுக்கு உரிய என் வீட்டின் பரப்பளவு தங்கள் பதிவேட்டில் 1,260 சதுர அடி என உள்ளது. கிரயப் பத்திரப்படியும் அனுமதி வரைபடப்படியும் 1,140 சதுர அடி. தரைத்தளத்தில் இயங்கிய கடை மூடப்பட்டு இப்போது குடியிருப்பாக உள்ளது. நேரில் அளந்து பார்த்து வரியைத் திருத்தி அமைக்குமாறும், கூடுதலாகச் செலுத்திய தொகையை வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

பத்திரம், வரைபடம், கடைசி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். கடையை மூடியிருந்தால் அந்த இடத்தின் மின் இணைப்பு வீட்டு இணைப்பாக மாறியதற்கான சான்று நல்ல ஆதாரம். இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனு கொடுத்துவிட்டோமே என்று வரியை நிறுத்தி வைக்க வேண்டாம். நிலுவை ஏறும், வட்டியும் ஏறும். கட்டிவிட்டுத் திருத்தம் கேட்பதே பாதுகாப்பு. 2018 உயர்வு நிறுத்தப்பட்டபோது, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அந்தத் தொகை அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றுதான் அரசு அறிவித்தது.

அளக்க வருபவர் வரும்போது நீங்களும் கூட நின்று, அவர் குறித்துக்கொள்ளும் எண்களை உங்கள் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால், உள்ளாட்சி அமைப்பின் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அதற்குப் பிறகு நீதிமன்றம். அங்கே கேட்கப்படும் முதல் தாள், முத்திரை வாங்கிய அந்த மனுவின் நகல்.